நம்மை என்னும் ஒரு சொல்

மாலை ஆறு மணியளவில் மூணாற்று மலைகளில் மூடுபனி இறங்கும். முதலில் தேயிலைச் சரிவுகள் மறையும். பின்னர் லயங்களின் தகரக் கூரைகள் மறையும். இறுதியில் எதிரே வருபவர் முகமும் மறைந்துவிடும். அப்போது மனிதனுக்குத் துணையாக எஞ்சுவது ஓசை ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வோசை எங்கள் எஸ்டேட்டுச் சிற்றாலயத்தின் முன்னே, மரக்கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த தண்டவாளத் துண்டிலிருந்து எழும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையின் மிச்சம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரயில் போய்விட்டது, ஆயினும் அதன் இரும்பு எங்களைச் செபத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

அதனை அடிப்பவர் குருவானவர் அல்லர். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைக் காட்டில் நின்று, மாலையில் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, தோளில் ஒரு துண்டோடு வந்து நிற்கும் எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவரே. ஊரார் அவரை உபதேசியார் என்பர். எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு அவர் உபதேசியார் தாத்தா.

நான் பிறந்து வளர்ந்தது மூணாறுக்கு வடக்கே, மறையூர்ச் சாலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போடி வழியாகக் கங்காணியின் பின்னே நடந்து மலையேறியவர். பட்டம் பெற்ற பிறகு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்துப் பாலக்காட்டில் குடியேறினேன். தேவிகுளம் வட்டமும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டமும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பினும் ஒரு வகையில் உடன்பிறப்புகள். இரண்டும் தமிழகத்தின் எல்லையில் நிற்பவை; இரண்டிலும் தமிழ் பேசும் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஆதலின் நான் இடம் மாறினேனேயன்றிச் செபத்தின் மொழி மாறவில்லை. அச்செபத்தைக் குருவானவர் இல்லாத வேளைகளில் முன்னின்று சொன்ன எளிய மனிதர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயம் 1898ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கர்மேல் துறவியாகிய அல்போன்ஸ் அடிகளாரால் தொடங்கப்பெற்றது. 1930இல் விஜயபுரம் மறைமாவட்டம் அமைந்தபோது மலைப் பகுதிகளும் அதன்கீழ் வந்தன. 2024இல் அவ்வாலயம் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. ஆனால் அவ்வாலயத்திற்கும் எங்கள் லயத்திற்கும் இடையே மலைகள் இருந்தன. என் சிறு வயதில் குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். அன்று பூசை நடக்கும். மற்ற மூன்று ஞாயிறுகளிலும் உபதேசியார் தாத்தாவின் செபம்தான்.

அச்செபம் ஓர் ஒழுங்கோடு நடைபெறும். சிலுவை அடையாளம் வரைந்து தொடங்குவார். ஒரு பாடல்; பின்னர் அன்றைய வாசகங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவராதலால், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுள் ஒருவரை எழுப்பி வாசிக்கச் சொல்வார். வாசகம் முடிந்ததும் விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். சற்று நேரம் அனைவரும் பேசாமல் இருப்போம். வெளியே மழை பெய்யும் ஓசை மட்டும் கேட்கும். பிறகு மன்றாட்டுகள். நோயுற்றவர் பெயர், வேலை நீக்கம் பெற்றவர் பெயர், ஊருக்குப் போனவர் பெயர் என்று வீடு வீடாகச் சொல்லி வேண்டுவார். அதன்பின் கர்த்தர் கற்பித்த செபம், மாதா பிரார்த்தனை, நிறைவுப் பாடல். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் அவர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “இது பூசை இல்லை, செபம். பூசை வேணும்னு ஆசையோட சொல்லணும்.”

சிறுவனாகிய எனக்கு அவரிடம் இரண்டு செய்திகள் வியப்பளித்தன. ஒன்று, பீடத்துக்கு முன்னுள்ள கிராதியை அவர் ஒருபோதும் தாண்டியதில்லை. மற்றொன்று, அவர் எங்களைப் பார்த்து நின்றதே இல்லை. முதல் வரிசையின் இடப்புறத்தில், எங்களைப் போலவே பீடத்தை நோக்கி நிற்பார். அவர் முதுகையும், காலர் நைந்த சட்டையையும், நரைத்த பிடரியையும்தான் நாங்கள் காண்போம். குருவானவர் எங்களை நோக்கிக் கை விரிப்பதைப் பார்த்திருந்த எனக்கு, இவர் ஏன் அஞ்சி ஒதுங்குகின்றார் என்று தோன்றும். படிப்பில்லாதவர், கூலி வேலை செய்பவர், ஆகையால் கூசுகின்றார் என்று எண்ணிக்கொண்டேன். கல்லூரிக்குச் சென்ற பின்னர் அவ்வெண்ணம் வலுத்தது. அவருக்காக நானே சற்று வெட்கப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். அந்த வெட்கம் தவறென்று உணர எனக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

அதைச் சொல்லுமுன், உபதேசியார் என்னும் இப்பணியின் பழமையைச் சிறிது நினைவுகூர்தல் தகும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மணியடித்துக்கொண்டே தெருக்களில் நடந்து மக்களைக் கூட்டி, தமிழாக்கிய செபங்களைக் கற்பித்தார். ஒரே ஊரில் தங்க அவரால் இயலவில்லை. ஆகவே ஊர்தோறும் ஒருவரை நியமித்து, மக்களைச் சேர்த்துச் செபம் சொல்லும் கடமையை அவரிடம் ஒப்படைத்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்று வழங்கினர். கணக்கெழுதுபவன் பெயரால் செபம் சொல்பவன் அழைக்கப்பட்டான் என்பது எழுத்தராகிய எனக்குத் தனி மகிழ்ச்சி தருகின்ற செய்தி.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அண்டிரிக் அடிகளார் ஆக்கிய அது பதினாறே பக்கம் கொண்ட சிறு மறைக்கல்வி நூல். மறு ஆண்டில் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சேறியது. கேரளத்தில் வாழும் தமிழராகிய நாம் இதனை மறத்தலாகாது. தமிழ் அச்சு இம்மண்ணில் முதன்முதல் கண் விழித்தது நாம் இன்று வாழும் இம்மாநிலத்தில்தான். அதுவும் எளிய மக்கள் கூடிச் செபிப்பதற்காகத்தான். பின்னர் வந்த வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஒரு நூலே எழுதினார். வேதியர் என்று அவர் குறித்தது உபதேசியாரையே.

குருவானவர் இல்லாத காலத்தில் இத்தகையோர் எதைக் காத்தனர் என்பதற்கு ஈழம் சான்று. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், விசுவாசத்தைத் தாங்கியவர்கள் இல்லறத்தார். சப்பானில் இஃது இன்னும் நீண்டது. தடைக்காலத்தில் இரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குருவின்றி மறைவாகச் செபித்து வந்த குடும்பங்கள், 1865 மார்ச்சு 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டன. தந்தை மகனுக்குச் சொல்லி, மகன் பேரனுக்குச் சொல்லி வந்த செபமே அவர்களைக் காத்தது.

இனி என் கதைக்கு வருகின்றேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தில் வாழ்ந்தோர் எவரும் மறவார். 26 ஆண்டுகளுக்குப் பின் ஆகஸ்டு 9 அன்று இடுக்கி அணையின் செறுதோணி மடைகள் திறக்கப்பட்டன. நான் அப்போது விடுப்பெடுத்து எஸ்டேட்டுக்குச் சென்றிருந்தேன். என் தாயாரின் தமக்கை, என்னை வளர்த்த பெரியம்மா, படுக்கையில் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. அக்டோபர் மாதம் முழுவதும் லயத்தில் செபமாலை சொல்லுவிப்பவரும் அவரே. மாதாவின் விண்ணேற்பு விழாவுக்கு மறுநாள் இரவு அவர் உயிர் பிரிந்தது.

மழை நிற்கவில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. மூணாற்றுக்கும் எங்கள் பக்கத்துக்கும் இடையேயுள்ள பெரியவரைப் பாலம் அவ்வெள்ளத்தில் இடிந்துவிட்டது. குருவானவர் அக்கரையில், நாங்கள் இக்கரையில். உடலை வைத்துக் காக்கவும் வழியில்லை. எல்லாரும் உபதேசியார் தாத்தாவை நோக்கினோம். அவருக்கு அப்போது எண்பதுக்கு மேல். கண் மங்கிவிட்டது; தொண்டையில் அறுவை செய்து குரலும் போய்விட்டது. அவர் என் கையில் பழைய செபப் புத்தகத்தை வைத்து, காற்றைப் போன்ற குரலில், “தம்பி, நீ சொல்லு. பெரியம்மாவுக்கு நீ சொல்றதுதான் முறை” என்றார்.

அலுவலகத்தில் எத்தனையோ குறிப்புகள் எழுதியவன் நான், மேடையில் பேசியவனும்கூட. ஆயினும் அப்போது என் கை நடுங்கியது. லயத்து வீட்டில் விளக்கொளியில் செபம் சொன்னோம். சணல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆண்கள் சரிவில் குழி வெட்டினர். அவர்களுள் பாதிப் பேர் எங்கள் மதத்தினர் அல்லர். மாரியம்மன் கோவில் பூசாரியின் மகன் முதல் மண்ணை வெட்டினான். அவனும் பெரியம்மாவின் முதுகில் ஏறி வளர்ந்தவன்தான்.

குழியருகே வாசகம் படித்தேன், மன்றாட்டுச் சொன்னேன். மழைநீர் புத்தகத்தின் ஏடுகளில் வழிந்தது. இறுதி ஆசி வந்தது. புத்தகம் குருவானவருக்காக அச்சிடப்பட்டதாதலால் அதில் ‘உங்களை’ என்றிருந்தது. நானும் மக்கள் பக்கம் திரும்பி, வலக்கையை உயர்த்தி, இறைவன் உங்களை என்று தொடங்கினேன். என் சட்டைக் கையை ஒரு விரல் மெல்லப் பிடித்து இழுத்தது. உபதேசியார் தாத்தா.

“தம்பி, ‘நம்மை’ன்னு சொல்லு. நீயும் ஆசீர்வாதம் வாங்குற ஆளுதானே?”

உயர்த்திய கை தானாக இறங்கியது. நான் திரும்பிப் பெரியம்மாவை நோக்கி நின்றேன். அவர் சொல்லித் தந்தபடி ‘நம்மை’ என்று சொல்லி, எல்லாரோடும் நானும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. செபம் சொல்லுபவனாக நின்ற வரையில் நான் அழவில்லை. அவர்களுள் ஒருவனான பிறகே என் பெரியம்மாவுக்காக அழ முடிந்தது.

பாலக்காடு திரும்பிய பின்னர் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. நூல்களைத் தேடிப் படித்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குருவானவர் இல்லாத இடங்களில் ஆயரின் அனுமதி பெற்ற ஒருவர் இறைவார்த்தை வழிபாட்டை நடத்துவதை ஊக்குவிக்கின்றது. 1988இல் உரோமையினின்று வந்த வழிகாட்டி ஒன்று, அத்தகைய ஞாயிறு வழிபாட்டைத் திருப்பலியோடு குழப்பிக்கொள்ளலாகாது என்றும், அது திருப்பலிக்கான ஆவலை வளர்க்க வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றது. திருப்புகழ்மாலைக்கு 1971இல் வந்த பொதுப் படிப்பினை இன்னும் நுட்பமானது. குருவோ திருத்தொண்டரோ இல்லாதபோது செபத்தை நடத்துபவர் பீடப் பகுதிக்குள் செல்வதில்லை, மக்களுக்கு வாழ்த்துரைப்பதில்லை, ஆசி வழங்குவதில்லை, சமமானோருள் ஒருவராகவே அவர் நிற்கின்றார்.

கிராதியைத் தாண்டாத கால்களும், எங்களை நோக்கித் திரும்பாத முதுகும் என் கண்முன் வந்தன. அவர் கூச்சத்தால் ஒதுங்கியவர் அல்லர். தம் இடம் எது என்பதைத் தெளிவாக அறிந்தவர். நான் இழிவு என்று கருதியது, அவர் காத்து வந்த ஒழுங்கு.

அரசு அலுவலகத்தில் ‘பொறுப்பு’ என்று ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி விடுப்பில் சென்றால் மற்றொருவர் அவருக்காகக் கையொப்பம் இடுவார். அன்றைக்கு அவர் நாற்காலியில் அமர்வார். குரலும் சற்று மாறும். உபதேசியாரும் குருவானவருக்குப் பொறுப்பு வகிப்பவர் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது பிழை. அவர் எவருக்காகவும் கையொப்பம் இடுபவர் அல்லர். மக்கள் அனைவரும் இடும் கையொப்பத்தில் முதல் வரி அவருடையது, அவ்வளவே.

இங்கே நம் மொழியின் ஒரு சிறப்பையும் எண்ணிப் பார்க்கின்றேன். ஆங்கிலத்தில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் ஒரே சொல்தான், இலத்தீனிலும் அப்படியே. தமிழ் இவ்விரண்டையும் பிரிக்கின்றது. இறைவனை நோக்கிப் பேசும்போது ‘எங்கள்’ என்கின்றோம். ஏனெனில் கேட்பவர் அவர், இரப்பவர் நாங்கள். ஒருவரையொருவர் நோக்கிப் பேசும்போது ‘நம்’ என்கின்றோம். கேட்பவரும் அதில் அடக்கம். கல்லறையோரம் தாத்தா திருத்திய ‘நம்மை’ என்னும் சொல்லில் நானும் அடங்கினேன். மண் வெட்டிய பூசாரியின் மகனும் அடங்கினான்.

மறு ஆண்டில் உபதேசியார் தாத்தா மறைந்தார். அவர் செபப் புத்தகம் இப்போது என்னிடம் உள்ளது. அதன் ஏடுகளில் அன்றைய மழையின் கறை இன்னும் இருக்கின்றது.

பாலக்காட்டில் எங்களுக்குக் குருக்கள் இல்லாத குறை இல்லை. கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் இங்கே உருவானது. எல்லையோர ஊர்களில் தமிழில் பூசை நடக்கின்றது. இனி உபதேசியார் எதற்கு என்று நாம் எண்ணக்கூடும். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு அதற்கு விடை சொல்லிற்று. கோவில்கள் அடைபட்டன. குருத்து ஞாயிறு வந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு சிற்றாலயம் ஆயிற்று. குருவானவர் தொலைக்காட்சியில் இருந்தார். ஆனால் எங்கள் மன்றாட்டில் எவர் பெயரைச் சேர்ப்பது என்று தொலைக்காட்சிக்குத் தெரியாது.

பெரிய வியாழன் அன்று, பத்து வயதான என் மகளிடம், “இன்னைக்கு நீ செபம் நடத்தும்மா” என்றேன். “சரிப்பா, எனக்கு அரை மணி நேரம் கொடுங்க” என்று அறைக்குள் போனாள். வந்தபோது அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தாத்தாவின் புத்தகத்தை என் மனைவி படிக்கப் படிக்க, தமிழ்ச் செபங்களை அவள் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது. நாங்கள் கற்றுக் கொடுக்கவில்லை.

அந்த நோட்டைக் கண்டதும் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. கூலிக்காரர்களின் பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொன்னார் ஒரு முதியவர். மூன்றாம் வகுப்பிலேயே நான் அங்கே ஏசாயாவை வாசித்தேன். பி.ஏ. படித்த என் வீட்டிலோ தமிழ் வேற்றெழுத்தில் உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கின்றது. குறை எவருடையது? பள்ளியையோ அரசையோ நான் சொல்லமாட்டேன். என்னுடையது.

ஆனால் அவள் செபம் நடத்தினாள். நாற்காலியில் அமராமல், எங்களோடு தரையில் பாயில் அமர்ந்து, குத்துவிளக்கை நோக்கிச் சொன்னாள். மன்றாட்டில் மாடி வீட்டுப் பாட்டியின் பெயரைச் சேர்த்தாள். முடிவில் ஆசி வந்தது. நான் உற்றுக் கேட்டேன். அவள் ‘நம்மை’ என்றாள். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னர் நோட்டைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. புத்தகத்தில் ‘உங்களை’ என்றிருந்த இடத்தை உபதேசியார் தாத்தா நெடுநாளைக்கு முன்பே பென்சிலால் அடித்து, மேலே ‘நம்மை’ என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தார். மழைநாளில் அது என் கண்ணில் படவில்லை. மகள் அதை மலையாள எழுத்தில் அவ்வாறே எழுதியிருந்தாள். மலையாளத்திலும் அச்சொல் ஏறக்குறைய அதுவே.

அன்றிரவே தமிழ் அரிச்சுவடி வாங்கும் எண்ணம் பிறந்தது. கடைகள் திறக்கவில்லையாதலால், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளில் பெண்களும் முறைப்படி ஏற்படுத்தப்படலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் திருத்தினார். அவ்வாண்டு மே 10 அன்று வேதியர் பணியையும் திருச்சபையின் நிலையான பணிகளுள் ஒன்றாக்கினார். அச்செய்திகளை நாளிதழில் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியவள் என் மகளே. இப்போது எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாசகம் படிப்பவள் அவள்தான். ‘ழ’கரம் தெளிவாக வருகின்றது, அதற்கு மலையாளத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பிழைப்புக்காக எல்லை தாண்டிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதனைச் சொல்ல விரும்புகின்றேன். நாம் எம்மதத்தினராயினும், நம் வீட்டில் ஒருநாள் பாலம் இடியும். வர வேண்டியவர் அக்கரையில் நின்றுவிடுவார். அன்று முன்னே நின்று நம் மொழியில் நாலு சொல் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் பெரியவராகவோ படித்தவராகவோ இருக்க வேண்டுவதில்லை. நமக்கு முன்னே நின்றாலும் நம் பக்கம் நிற்பவராக இருந்தால் போதும்.

தாத்தாவின் புத்தகத்தை அடுத்த விடுமுறையில் மூணாற்றுக்கு எடுத்துச் செல்லவிருக்கின்றோம். மரக்கிளையில் தண்டவாளம் இன்னும் தொங்குகின்றதாம். அதை ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும் என்கின்றாள் மகள்.